முக்கால் திருப்பம்

“சாவி எடுத்தியா?” என்று பரஞ்சோதி பின்னாலிருந்து கேட்டார்.

மீனலோசனி திரும்பவில்லை. இடது கையை மட்டும் தோளுக்கு மேலே தூக்கி, விரலில் மாட்டியிருந்த சாவிக்கொத்தை ஒருதரம் குலுக்கிக் காட்டிவிட்டு நடந்துகொண்டே இருந்தாள். நடந்துபோகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது, கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது என்பது அவள் கட்சி. முப்பது வருஷத்துக்கு மேல் அவளோடு குடும்பம் நடத்தியும் பரஞ்சோதிக்கு அந்தக் கட்சி மனதில் நின்றதில்லை. கேட்டுவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொள்வார்.

தெப்பக்குளத்தின் வடகரையில் மாலைக் கூட்டம். குளமும் அதன் நடுவிலிருக்கும் மண்டபமும் வலது கைப் பக்கம், பஸ் போகிற ரோடு இடது கைப் பக்கம். மீனலோசனி எப்போதும் நாலு ஆள் தூரம் முன்னால் போவாள். அவருக்கு மூட்டுவலி. கூடவே குடியிருக்கும் அவளுடைய தங்கை வடிவாம்பிகை ஈசான மூலை வரைக்கும் கூடவே வந்து, அங்கே சுக்குக் காபிக்காரரின் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள். “நீங்க சுத்திட்டு வாங்க, நான் குளத்துக்குக் காவல் இருக்கேன்” என்பாள். அன்றைக்கு அவள் வரவில்லை. யாருக்கோ ரவிக்கை தைத்துக் கொடுக்கவேண்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

மீனலோசனி ஈசான மூலையில் வலப்பக்கம் திரும்பி மறைந்தாள். பரஞ்சோதி அந்த மூலைக்கு வந்து சேர்ந்தபோது அவள் குளத்துக் கட்டைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். களைப்பாக்கும் என்று நினைத்து அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். சுவர் வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது. “இன்னிக்கு என்ன வெக்கை” என்று அவளிடம் சொன்னார். பதிலுக்காகக் கொஞ்சநேரம் காத்திருந்தார். சாவிக்கொத்து அவள் விரலிலேயே இருந்தது.

*

அதற்குப் பிறகு நடந்தவை அவருக்கு வரிசையாக நினைவில்லை. ஆம்புலன்ஸில் யாரோ அவர் சட்டைப்பையில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலைச் செருகினார்கள். மருத்துவமனையில் ஒரு டாக்டர் “இதயம் நின்னுபோச்சு” என்றார். ஏன் நின்றது என்று கேட்டதற்கு, “நின்னுபோச்சு சார்” என்றே மறுபடியும் சொன்னார். பிள்ளை இல்லாததால் கொள்ளிக்குடம் அவர் தோளில்தான் ஏறியது. இடப்பக்கமாகச் சுற்றச் சொன்னார்கள், சுற்றினார். குடத்தைப் பின்னால் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னார்கள், போனார். வீட்டுக்கு வந்த பிறகு, சாவி எங்கே என்று மீனலோசனியிடம் கேட்கலாமென்று அடுப்படி வரைக்கும் போய்விட்டார்.

அவருக்குப் புரியாதது ஒன்றுதான். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே இதயக் கோளாறு. “எங்கப்பா ரெண்டு பேருக்கும் சமமாப் பிரிச்சுக் கொடுத்த ஒரே சொத்து” என்று வடிவாம்பிகை சொல்லிச் சிரிப்பாள். இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில், ஒரே டாக்டர், இதயத்தின் மேல் ஒரே மாதிரியான வலையைத் தைத்தார். பேட்டரி கிடையாது, ஆயுசுக்கும் மாற்றவேண்டாம், தடுமாறுகிற துடிப்பைத் தாளத்துக்கு இழுத்துக் கொண்டுவந்துவிடும் என்றார்கள். தினமும் நன்றாக நடக்கச் சொன்னார்கள். சொன்னபடி நடந்தவள் போய்விட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடித்தவள் இருக்கிறாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் ஒரு பெண் வீடு தேடி வந்தாள். பெயர் சமீமா, முப்பது வயது இருக்கும். வலையை வடிவமைத்த கூட்டத்தில் தானும் ஒருத்தி என்றாள். தகனத்துக்கு முன்னால் எடுத்த வலையைச் சோதித்துப் பார்த்ததாகவும், அதைப் பற்றிச் சிலது கேட்கவேண்டும் என்றும் சொன்னாள். சின்ன டப்பா ஒன்றைத் திறந்து காட்டினாள். உள்ளே வெங்காயச் சருகு மாதிரி ஒரு சாம்பல் நிறத் துண்டு.

“இம்புட்டுத்தானா?” என்றாள் வடிவாம்பிகை. “இதுக்கா நெஞ்சை அம்புட்டு நீளம் கிழிச்சாங்க? நான் தையல் டீச்சரா இருந்தவ. எங்கிட்டக் கொடுத்திருந்தா ஒரு ஊசியில முடிச்சிருப்பேன்.”

சமீமா சிரிக்கலாமா என்று தெரியாமல் பரஞ்சோதியைப் பார்த்தாள்.

“இது என்ன செய்யும்னு எங்களுக்குச் சரியா யாரும் சொல்லலம்மா” என்றார் அவர். “நான் கோர்ட்டுல சிரஸ்தாரா இருந்தவன். மெதுவாச் சொன்னா வெளங்கும்.”

“இதுக்குள்ள காந்த நூல்கள் இருக்கு சார். ஒரு தலைமுடியை ஆயிரமா வகுந்தா வர்ற தடிமன். அதை மேலயும் கீழயும் குறுக்கயும் பின்னியிருக்கோம், சாரம் கட்டின மாதிரி. ஒவ்வொரு முடிச்சுலயும் நாலு நூல் வந்து சேரும். ரெண்டு உள்ள பாத்தா ரெண்டு வெளிய பாக்கணும், அப்பத்தான் அதுக்கு நிம்மதி. ஆனா எந்த ரெண்டுன்னு முடிவாகாது. இந்த முடிச்சுக்குச் சரியா வந்தா அடுத்த முடிச்சுக்குத் தப்பாயிடும்.”

“குடும்பம்னு சொல்லு” என்றாள் வடிவாம்பிகை.

“அதேதாங்க்கா. யாருமே உறுதியா இல்லாததால ஒரு சின்னத் தள்ளு போதும். இதயம் அசையிற அசைவுலயே நூலெல்லாம் புரண்டு புரண்டு படுக்கும். அந்தப் புரளல்லதான் தாளம் வருது.”

“சரி. இவ நூலுக்கு என்ன ஆச்சு?” என்றார் பரஞ்சோதி.

சமீமா டப்பாவை மூடினாள். “உள்ள வைக்கிறப்ப கலைஞ்ச தலைமுடி மாதிரி இருந்துச்சு சார். வெளிய எடுத்தப்ப யாரோ சீப்பு போட்டு ஒரே பக்கமா வாரிவிட்ட மாதிரி இருக்கு. அப்படிப் படிஞ்சுட்டா அப்புறம் இதயம் தள்ளினாலும் புரளாது. கொஞ்சம் கொஞ்சமா, ரொம்ப நாளா படிஞ்சிருக்கு. வீட்டுல பெரிய காந்தம் ஏதாவது இருக்கா? பெரிய ஸ்பீக்கர், மோட்டார், கரண்ட் அடுப்பு?”

“எந்தம்பி மகன் கல்யாணத்துல ஸ்பீக்கர் பக்கத்துல உட்கார்ந்திருந்தா” என்றாள் வடிவாம்பிகை. பிறகு, “நானும் கூடத்தான் உட்கார்ந்திருந்தேன்” என்று தானே சொல்லிக்கொண்டாள். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள்.

*

மறுநாள் மாலை வடிவாம்பிகை அக்காவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

“எங்க கிளம்பிட்ட?”

“தெப்பக்குளத்துக்கு. இனிமே நானும் முழுசாச் சுத்தப்போறேன் அத்தான். கூட வா, கூட வான்னு அவ தினம் கெஞ்சுவா. நான் ஸ்டூலை விட்டு எந்திரிச்சதே இல்ல. அன்னிக்குக் கூடப் போயிருந்தா தாங்கியாவது பிடிச்சிருப்பேன்.” செருப்பு வாரைச் சரிசெய்கிறவள்போலக் குனிந்துகொண்டாள். “அவ விட்ட இடத்துல இருந்து நான் சுத்துறேன். குளத்தங்கரைக் கோயில் ஆத்தாகிட்டச் சொல்லிட்டேன்.”

பரஞ்சோதிக்கு அது நல்லதாகவே பட்டது. டாக்டரும் நடக்கத்தானே சொன்னார்.

அவர் தெப்பக்குளம் பக்கம் மறுபடியும் போனது அதற்கும் பல நாள் கழித்துத்தான். வேறெங்கோ போய்விட்டு பஸ்ஸில் வந்தவர் என்ன நினைப்பிலோ முன்னாடியே இறங்கிவிட்டார். இறங்கின இடத்திலிருந்து கால் போன பக்கம் நடக்க ஆரம்பித்தார். கொஞ்ச தூரம் போனதும் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. எல்லாருடைய முகமும் தெரிந்தது. இத்தனை வருஷமாக இந்தக் குளத்தைச் சுற்றியும் அவர் முதுகுகளைத்தான் பார்த்திருக்கிறார். இப்போது கூட்டம் மொத்தமும் எதிரே வந்து, அவரிடம் பிரிந்து, தாண்டிப் போனது. மண்டபம் இடது பக்கம் இருந்தது.

நடைக்காரர் சங்கச் செயலாளர் சுருளியப்பன் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். “சார், வழி மாறி வர்றீங்க. அங்கிட்டுப் போகக்கூடாது.”

“ஏன், ஒன்வேயா?”

“ஒன்வேதான். ஆத்தா போட்ட ஒன்வே.” சிரித்தவர், பரஞ்சோதியின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். “மனசு சரியில்லாம இருக்கீங்க, தெரியுது. ஆனா இடமாச் சுத்துறது நல்லதுக்கு இல்ல சார். வாங்க, எங்களோட வாங்க.”

பரஞ்சோதி நகரவில்லை. கோர்ட்டில் அவர் மேசையில் ஒரு டெலிபோன் இருந்தது. ரிசீவருக்குச் சுருள் வயர். வலது கையால் எடுப்பார், எழுதவேண்டி வந்தால் இடது கைக்கு மாற்றுவார், பேசி முடித்ததும் அப்படியே வைப்பார். எடுக்கும்போதெல்லாம் ஒரே பக்கமாக ஒரு சின்னத் திருகு. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. மாசக் கடைசியில் பார்த்தால் வயர் முறுக்கேறி முடிச்சு முடிச்சாகச் சுருண்டு, ரிசீவர் காதுக்கு எட்டாது. அப்போது ரிசீவரை மேசைக்குக் கீழே தொங்கவிடுவார். அது தானாகவே எதிர்ப்பக்கம் சுழன்று சுழன்று முறுக்கை விடும்.

குளத்துச் சுவரில் உட்கார்ந்து அவர் சமீமாவுக்குப் போன் போட்டார்.

“அம்மா, ஒரு ஆளு ஒரே பக்கமாத் திரும்பிக்கிட்டே இருந்தா அந்த நூல் படியுமா?”

“எந்தப் பக்கம் சார்?”

“வலப்பக்கம். தினம். வருஷக்கணக்கா.”

எதிர்முனையில் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“பூமியும் ஒரு காந்தம்தானே சார்” என்றாள் பிறகு. “நாம ஒரு சுத்துத் திரும்பினா, உள்ள இருக்கிற நூலுக்கு பூமியே ஒரு சுத்துத் திரும்பின மாதிரி. ரொம்ப பலவீனமான காந்தம்தான். ஆனா எங்க வலை எதுக்கும் அசையிற வலை. அதுவும் திருகாணி மாதிரி முறுக்கிப் பின்னினது. வலப்பக்கம் சுத்தினா ஏதோ ஒரு நூல் படுக்கும், இடப்பக்கம் சுத்தினா எந்திரிக்கும். அது எங்களுக்குத் தெரியும். ஒரு மனுஷன் வலப்பக்கம் எவ்வளவு திரும்புறானோ இடப்பக்கமும் அவ்வளவு திரும்புவான், ரெண்டும் சரியாப் போயிடும்னு விட்டுட்டோம். சோதனை செஞ்ச ஊர்லயெல்லாம் சரியாத்தான் போச்சு.”

“அந்த ஊருகள்ல குளம் இல்லையா?”

“இருக்கும் சார். ஒரே பக்கமா யாரும் சுத்தியிருக்க மாட்டாங்க.” அவள் மூச்சை இழுத்தாள். “நான் மேலப்பாளையத்துல பொறந்தவ. பக்கத்து ஊர்க் கோயிலை ஆளுங்க சுத்துறதைப் பாத்துத்தான் வளர்ந்தேன். கணக்குப் போடுறப்ப அது எனக்கு ஞாபகமே வரல.”

அவளைத் திட்டவேண்டும் என்று பரஞ்சோதிக்குத் தோன்றியது. எதைச் சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. “அப்ப இதுதான் காரணமா?”

“தெரியாது சார். இருக்கலாம். நான் மேல எழுதுறேன்.”

எழுதினாள். ஒரு ஆளை வைத்து எதையும் சொல்லமுடியாது, இன்னும் ஆட்கள் வேண்டும் என்று பதில் வந்ததாம்.

“இன்னும் ஆளுன்னா?” என்று கேட்டார் பரஞ்சோதி.

சமீமா தன் பொறுப்பில் ஒன்று மட்டும் சொன்னாள். வலையை மாற்ற மறுபடியும் நெஞ்சைத் திறக்கவேண்டும், வடிவாம்பிகையின் இதயம் அதைத் தாங்காது. வெளியிலிருந்து பெரிய காந்தம் வைத்துக் கலைக்கவும் முடியாது, துடிப்பே நின்றுவிடும். இதுவரை படிந்தது ஆபத்தில்லை. இனிமேல் படியாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

*

“இடமாச் சுத்தணுமா?” வடிவாம்பிகை தையல் மிஷினை நிறுத்தினாள்.

“இல்லாட்டிச் சுத்தாமலாவது இரு.”

“ஆத்தாகிட்டச் சொன்னதை எப்படி விடுறது? யாருக்கும் ஒண்ணும் செய்யாதவ ஒரே ஒரு வாக்கு கொடுத்திருக்கேன்.” அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏனத்தான், இடமா எங்க சுத்துவாங்க? நீங்கதானே குடம் தூக்கிட்டுச் சுத்துனீங்க? அக்காவுக்குச் சுத்துனதை நான் உசுரோட எனக்கே சுத்திக்கணுமா?”

“சமீமாவோட வாப்பா ஹஜ்ஜுக்குப் போயி இடப்பக்கமாத்தான் சுத்துனாராம். அவங்களுக்கு அதுதான் புண்ணியமாம்.”

“அவங்களுக்கு அது முறை. எனக்கு இது முறை.”

“மெய்யாவே ஏதாவது ஆயிருச்சுன்னா?”

“ஆச்சுன்னா நல்ல பக்கமா நடந்து செத்தேன்னு இருக்கட்டும்.” மறுபடியும் மிஷின் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே அவள் கத்திச் சொன்னாள்: “அப்படின்னா அக்காவைக் கொன்னது ஆத்தான்னு சொல்றீங்களா? வெளிய போயி இதைச் சொல்லிறாதீங்க, அடிக்க வருவாங்க.”

அவர் அப்படிச் சொல்ல நினைக்கவில்லை. யார் கொன்றார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. குளமா, பூமியா, ஒரு கணக்கா, நடக்கச் சொன்ன டாக்டரா? முன்னால் போனவளைத் தடுக்காமல் பின்னாலேயே போன தானா? எந்தப் பக்கம் யோசித்தாலும் யோசனை கிளம்பின இடத்துக்கே வந்து நின்றது.

நிறுத்த முடியாததால் கூடப் போனார். வடிவாம்பிகை அக்காவைப்போலவே முன்னால் நடந்தாள், அவர் பின்னால். நாலு மூலை, நாலு வலத் திருப்பம். ஒவ்வொன்றிலும் எங்கோ ஒரு நூல் படுப்பதை அவர் தன் நெஞ்சில் உணர்ந்தார். பேசாமல் வீட்டுக்கு வருவார். மறுநாள் மறுபடியும் போவார்.

ஒருநாள் வடகரை முடிகிற இடத்தில் அவருடைய செருப்பு வார் அறுந்தது. “வடிவு, நில்லு!” என்று கூப்பிட்டுவிட்டார். வழக்கம்போல நாக்கையும் கடித்துக்கொண்டார்.

வடிவாம்பிகை திரும்பினாள்.

அவர் ரோட்டுப் பக்கம் ஒதுங்கி நின்றிருந்ததால் இடது தோள் வழியாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். “பின்னால கூப்பிடாதீங்கன்னு அக்கா தலபாடா அடிச்சுக்கிட்டாளே! என்ன?” என்றாள். அவர் செருப்பைத் தூக்கிக் காட்டினார். “பிஞ்ச செருப்புக்கா இம்புட்டுச் சத்தம்?” என்று சொல்லிவிட்டு, நின்ற நிலையிலிருந்தே கீழ்க்கரைப் பக்கம் திரும்பி நடந்தாள்.

பரஞ்சோதி ஒரு கையில் செருப்போடு அப்படியே நின்றார். கிழக்கே பார்த்துப் போய்க்கொண்டிருந்தவள் அவரைப் பார்க்க மேற்கே திரும்பினாள், இடப்பக்கமாக. மேற்கே பார்த்து நின்றவளுக்குக் கீழ்க்கரை வழி தெற்கே. மேற்கிலிருந்து தெற்கு, அதுவும் இடப்பக்கம். அவர் செருப்பைக் கீழே போட்டுவிட்டுத் தானே அந்த இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தார். மறுபடியும் ஒருதரம். சுக்குக் காபிக்காரர் கவலையோடு ஸ்டூலை நகர்த்திப் போட்டு, “உட்காருங்க சார்” என்றார்.

ஸ்டூலில் உட்கார்ந்தே சமீமாவிடம் பேசினார். “கால் திருப்பம் வலப்பக்கம் போகவேண்டியவ முக்கால் திருப்பம் இடப்பக்கமாப் போயிட்டாம்மா. ஆனா குளத்தை வலமாத்தான் சுத்துறா. மத்த மூணு மூலையும் சேர்ந்தா முக்கால். இந்த ஒரு மூலை முக்கால். சரியாப் போச்சா?”

சமீமா வாய்க்குள் கணக்குப் போடுவது கேட்டது. பிறகு சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று அவருக்குத் தெரியவில்லை. “சரியாப் போச்சு சார். சுத்துக்கு ஒரு மூலை போதும். எல்லா மூலையிலயும் கூப்பிட்டுறாதீங்க, அந்தப் பக்கம் முறுக்கிக்கும்.”

*

அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் ஈசான மூலைக்கு வந்ததும் ரோட்டுப் பக்கம் ஒதுங்கி நின்று கூப்பிட்டார். மூட்டு பிடிச்சுக்கிச்சு என்பார். மழை வருமா பாரு என்பார். கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பார். அது மூக்கிலேயே இருக்கும். வடிவாம்பிகை வைதுகொண்டே இடத்தோள் வழியாகத் திரும்புவாள். வைதபடியே கீழ்க்கரைக்குப் போவாள். “சாருக்குப் புத்தி தடுமாறிருச்சு, பாவம்” என்று சுருளியப்பன் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. மறுக்கத் தோன்றவில்லை.

மருத்துவமனையிலிருந்து எல்லாருக்கும் ஒரு தகவல் வந்தது: வலை தைத்தவர்கள் இரு பக்கமும் சமமாகத் திரும்பி நடப்பது நல்லது. ஏன் என்று அதில் இல்லை. படித்தவர்கள் ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்கள். சங்கத்தில் இன்னும் இரண்டு பேருக்கு அந்த வலை இருப்பது அப்போதுதான் பரஞ்சோதிக்குத் தெரிந்தது. அவர்களிடம் அவர் வலை, பூமி என்று எதுவும் பேசவில்லை. அவர்கள் பெண்டாட்டிகளிடம் போய், ஈசான மூலையில் பின்னால் நின்று ஒரு குரல் கொடுங்கள் என்று மட்டும் சொன்னார். ஒருத்தி செய்தாள். ஒருத்தி, போகிறவரைப் பின்னால் கூப்பிடமாட்டேன் என்றுவிட்டாள். அந்த மனிதர் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறார். பரஞ்சோதி அவரைத் தாண்டும்போதெல்லாம் உரக்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறார். அவர் திரும்பாமல் கையை ஆட்டுகிறார்.

அடுத்த கோடையில் ஒருநாள், ஈசான மூலையில் நின்ற பரஞ்சோதிக்குக் கேட்க ஒரு கேள்வியும் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டார். வடிவாம்பிகை முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மூலை நெருங்கியது. அந்த மூலையும் அந்த முதுகும் அவருக்கு வேறு யாரையோ ஞாபகப்படுத்தின.

மூலைக்கு வந்ததும் வடிவாம்பிகை தானாகவே நின்றாள். திரும்பவில்லை. குளத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: “கூப்பிடுங்கத்தான். சும்மா எப்படித் திரும்புறது?”

அவர் திகைத்தார். “உனக்குத் தெரியுமா?”

“அந்தப் புள்ள எங்கிட்ட எப்பவோ சொல்லிருச்சு. இடமாச் சுத்தமாட்டேன்னுதானே சொன்னேன்? கூப்பிட்டாத் திரும்பமாட்டேன்னு சொன்னேனா? அக்காதான் திரும்பமாட்டா.” அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “கூப்பிடுங்க. ஆளுக வர்றாங்க.”

பரஞ்சோதி ரோட்டுப் பக்கம் ஒதுங்கி நின்றார்.

“சாவி எடுத்தியா?”

வடிவாம்பிகை இடது தோள் வழியாக முழுதாகத் திரும்பி, அவர் முகத்துக்கு நேரே சாவிக்கொத்தைக் காட்டினாள். பிறகு மறுபடியும் இடப்பக்கமாகவே திரும்பிக் கீழ்க்கரையில் நடந்தாள். அவர் பின்னால் போனார்.

மண்டபம் அவர்களுக்கு வலது பக்கம் இருந்தது.